நாலாம் லெவல் எந்தப் பக்கம்?

இந்த ஜெர்மன் ஊருக்கு வந்து மூன்று வருடமாகியும், லிஃப்டில் நான்கை அழுத்தினால் மேலே போவது எனக்குப் பழகவில்லை. கோலார் தங்க வயலில் லெவல் என்றால் சுரங்கத்தின் தளம். எண் கூடக் கூட ஆழம் கூடும். அப்பா அங்கே மைசூர் மைன்ஸில், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வேலைதான் போனது, எண்ணும் முறை வீட்டை விட்டுப் போகவில்லை. அங்கே பாலகாட் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் வீட்டுப் பீரோவில்கூட மேலடுக்கு முதல் லெவல், பழைய துணி கிடக்கும் அடியடுக்கு நாலாம் லெவல். "நாலாம் லெவல்ல பாரு, அங்கதான் கீது" என்று அம்மா சொன்னால் குனிந்து தேடுவோம். அந்தப் பழக்கம்தான் போன மாதம் என்னைக் கவிழ்த்தது.

என் ஆராய்ச்சி செடிகளில் உள்ள ஒரு புரதக் கூட்டத்தைப் பற்றியது. எட்டுப் புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே உருவாக நிற்கும். மண்ணுக்குள் முளைக்கும் விதை, வெளிச்சம் வந்துவிட்டதென்று அவசரப்பட்டு இலை விரித்தால் அங்கேயே மாட்டிக்கொண்டு செத்துப்போகும். ஆகவே இலையை விரிக்கத் தூண்டும் புரதங்களை, இருட்டு இருக்கும்வரை செல் அழித்துக்கொண்டே இருக்கிறது. அழிக்கும் இயந்திரங்கள் தாறுமாறாக ஓடாமல் பார்த்துக்கொள்வது இந்த எட்டுப் பேர். அதற்காக இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் சிறு துண்டை வெட்டியெடுக்கும் கத்தி ஐந்தாமவரிடம் இருக்கிறது. ஆனால் அவர் தனியாக நின்றால் அது வெட்டாது, கூட்டத்தோடு சேர்ந்தால்தான் வெட்டும். ஒருவரை முழுசாக எடுத்துவிட்டால் கூட்டமே கலைந்து, நாற்று இருட்டிலேயே இலை விரித்துவிடும். அது தெரிந்த சங்கதி. ஒருவரின் வாலை மட்டும் நறுக்கினால் கூட்டம் நிற்குமா, கலையுமா என்பது என் கேள்வி. கலையும் என்று எழுதிக்கொடுத்துத்தான் வேலையில் சேர்ந்தேன். அதைக் காட்டினால் ஒப்பந்தம் நீளும், அதோடு விசாவும் நீளும். இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

விதை வளர்க்கும் அலமாரியில் நான்கு அடுக்குகள், எல்லாவற்றுக்கும் கண்ணாடிக் கதவு. அடியடுக்கின் கதவில் மட்டும் கறுப்புத் தாள் ஒட்டி, சாதாரண விதைகளை முதலில் நானே உள்ளே வைத்தேன். மறுநாள் விசா அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. புரதத்தின் வால் நறுக்கிய விதைகளை எங்கள் ஆய்வக உதவியாளர் பிர்கிட்டிடம் கொடுத்து, 'லெவல் 4' என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனேன். நான்கு நாள் கெடு முடிந்து, காலையில் நான் வருவதற்குள் அவரே இரண்டு டப்பாக்களையும் மேசையில் எடுத்து வைத்திருந்தார். சாதாரண நாற்றுகள் மஞ்சளாய்த் தலை குனிந்திருந்தன. என்னுடையவை இலை விரித்து நிமிர்ந்திருந்தன. பேராசிரியர் பார்த்துவிட்டு "ஷோன்" என்றார், அழகு என்று பொருள். ஒப்பந்தத்தை நீட்டக் கடிதம் எழுதுவதாகவும் சொன்னார்.  உடனே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"பேப்பர் கைக்கு வந்துச்சா?" என்று அப்பா கேட்டார், ஒப்பந்தக் கடிதத்தைத்தான்.

"வந்துடும்பா."

மதியம் அலமாரியைத் துடைக்கும்போதுதான் பேச்சுவாக்கில் பிர்கிட்டைக் கேட்டேன், என் விதைகளை அடியில் எந்த ஓரமாக வைத்தீர்கள் என்று. "அடியில் இல்லையே. லெவல் ஃபோர், நீ எழுதியபடி" என்று விரலை மேலே காட்டினார். மேலடுக்கில் கறுப்புத் தாள் கிடையாது. அறை விளக்கு பகலெல்லாம் அதன்மேல்தான் எரிகிறது. என் நாற்றுகள் இருட்டையே பார்த்ததில்லை. 

வீட்டில் சொன்னேன். "அந்தம்மாவுக்கு லெவல் கூடவா தெரில?" என்றார் அப்பா. அம்மா போனைப் பிடுங்கி, "நீ வாயத் தொறக்காத. எல விரிஞ்சிச்சில்ல, அவ்ளோதான். யாரு வந்து கேக்கப்போறா?" என்றாள். இரண்டு நாள் சும்மாதான் இருந்தேன், மறைப்பானேன். மூன்றாம் நாள் பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நேர்மை என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள், மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான் அதிகம். பேராசிரியர் முழுதும் கேட்டுவிட்டு "ஷௌவன் வியர் மால்" என்றார். பார்க்கலாம் என்று பொருள். நம் ஊரில் ஆபீசர் 'பாக்கலாம்' என்றால் முடிந்தது கதை. நானும் எழுந்து, மேசையை எப்போது காலி செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் விழித்தார். மறுபடி விதை போட்டுப் பார்க்கலாம் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார், கடிதத்தை மட்டும் அதுவரை நிறுத்தி வைப்பார்.

இந்த முறை எல்லாவற்றையும் என் கையாலேயே அடியடுக்கில் வைத்தேன். நான்காம் நாள் காலை, அறையை இருட்டாக்கி, செடிக்கு உறைக்காத மங்கலான பச்சை விளக்கில் டப்பாக்களைத் திறந்தேன். சாதாரணவை தலை குனிந்திருந்தன. வால் நறுக்கியவையும் அப்படியே இலை மூடித் தலை குனிந்திருந்தன. கூட்டம் கலையவில்லை. நான் எழுதிக்கொடுத்தது தப்பு.  அந்த நேரம் பார்த்து அம்மாவின் வீடியோ கால். திரை வெளிச்சம் படாமல் போனைக் கவிழ்த்து வைத்துப் பேசினேன்.

"இன்னாடி, ஒரே இருட்டா கீது? லைட்டப் போடு."

"போடக் கூடாதும்மா. கெட்டுப்போயிடும்."

"பேப்பர் இன்னாச்சு?"

படம் எடுத்து முடித்துவிட்டுப் பேசலாம் என்ற நினைப்பில், "செத்த இரும்மா, வரேன்" என்றேன்.

அம்மா அதை ஊருக்கு வருவதாக எடுத்துக்கொண்டாள். "எப்போ வர? தேதி போட்டுட்டியா?" என்றாள். தலை குனிந்த நாற்றுகளைக் கையில் பிடித்தபடி நின்றேன். அப்படி இல்லையம்மா என்று திருத்தாமல், படம் எடுக்கத் தொடங்கினேன்.