ஓட மனமில்லாத நாட்களில் கர்த்தர் அனுப்பிய துணை

அன்பான சகோதர சகோதரிகளே, இதைச் சொல்லும்போது நடுவில் நான் அழுதுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை முழுச் சந்தோஷமாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனாலும் கர்த்தர் எனக்குச் செய்ததை மறைத்து வைக்க மனம் கேட்கவில்லை.

என் பெயர் ஜெபா. சிவகாசியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு, சர்க்கரை வந்துவிடுமோ என்று பயந்து காலையில் ஓட ஆரம்பித்தேன். அடுத்த தெரு செல்வியும் சேர்ந்துகொண்டாள். நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவளுக்குத் திரி வைக்கிற வேலை. கம்பெனி வேன் வருவதற்குள் ஓடிவிட்டுத் திரும்பிவிடுவோம். தெருவில் சிலர் சிரித்தார்கள்.

"சிரிக்கட்டும்க்கா. அவுகளுக்கும் பொழுது போகணும்ல" என்பாள் செல்வி.

அப்படியே பழகி, மதுரையில் இருவரும் ஒரு முழு மாரத்தான் ஓடி முடித்தோம். அன்று நடைபாதையில் உட்கார்ந்து, காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

போன வருடம் ஆடி மாதம். தீபாவளி ஆர்டர் நெருக்கிய நேரம். செல்வியின் கம்பெனியில் வெடி விபத்து நடந்தது. நான் டூட்டியில் இருந்தேன். ஸ்ட்ரெச்சரில் வந்த ஒரு முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, நாந்தான்."

குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். செய்ய வேண்டியதைச் செய்தேன்.

"கனி எங்கக்கா?" என்று கேட்டாள். கனி அவளுடைய தங்கை, அதே கம்பெனியில் வேலை பார்த்தவள்.

"கால்ல மட்டும்தான் காயம். பொழைச்சுக்குவா" என்றேன்.

செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த கையோடு, அவளுக்காக அடுத்த மாரத்தானை ஓடப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். வெறி பிடித்தவள் போல ஓடினேன். வார்டில் நின்ற காலோடு ஓடினேன். ஓய்வு நாளே கிடையாது. தூக்கம் போனது. சும்மா படுத்திருந்தாலும் நெஞ்சு படபடவென்று அடித்தது.

"உடம்பு என்ன மிஷினா ஜெபா? கொஞ்சம் விடு" என்று என் கணவர் கெஞ்சினார். நான் கேட்கவில்லை.

மதுரையில் அந்த மாரத்தானில் பாதித் தூரத்தில் நின்றுவிட்டேன். காலில் வலி இல்லை, பிடிப்பும் இல்லை. ஓட வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் போய்விட்டது. தண்ணீர் கொடுக்க வந்த பெண், "முடியலையாக்கா?" என்றாள். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஷூவைக் கண்ணில் படாமல் பரணில் போட்டுவிட்டேன். மாதக்கணக்கில் வேலை, வீடு, படுக்கை என்று கிடந்தேன். எங்கள் டாக்டர், "ரத்தத்துல ஒண்ணும் இல்ல சிஸ்டர். உடம்பும் மனசும் ஓய்ஞ்சு போச்சு" என்றார். ஆலயத்தில் எல்லோரும் பாடும்போது என் வாய் திறக்காது. ஒரு நாள் சமையலறையில் நின்றபடியே சொன்னேன்: "ஆண்டவரே, எனக்கு ஓட ஆசை இல்லை. அந்த ஆசையைத் திருப்பிக் கேட்கவும் ஆசை இல்லை. ஜெபிக்கவும் பிடிக்கவில்லை. நீரே பார்த்துக்கொள்ளும்."

அவ்வளவுதான் என் ஜெபம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது, செல்வியின் அம்மா என் வீட்டு வாசலில் நின்றார்.

"சிஸ்டர், கனிக்குப் புண்ணு ஆறிருச்சு. ஆனா முட்டிக்குப் பின்னால தோல் இழுத்துக்கிட்டு நிக்குது. ஆஸ்பத்திரியில தெனமும் நடக்கணும்னு சொல்லிவிட்டாக. வாசலத் தாண்ட மாட்டேங்குறா. நீங்க ஒரு எட்டு வந்து சொல்லுங்க."

எனக்குப் போகவே மனமில்லை. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து மறுக்க முடியாமல் போனேன். கனி சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க ஓடுறவுக. என்கூட நடந்தா உங்களுக்கு எம்புட்டு நேரம் வீணாப் போகும்" என்றாள்.

"நான் இப்ப ஓடுறதே இல்ல கனி."

"ஏன்க்கா?"

எனக்கு அழுகை வெடித்துவிட்டது. ஆறுதல் சொல்லப் போனவள் அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அவ இல்லாம எனக்கும்தான் எதுவும் பிடிக்கல. எந்திரிங்க. தெருமுனை வரைக்கும் போய்ட்டு வருவோம்."

போனோம். வழியெல்லாம் வலியில் பல்லைக் கடித்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன், அவள் என்னைப் பிடித்திருந்தாள். மறுநாளும் போனோம். ஒரு நாள் பட்டாசுக் கம்பெனி வேனின் ஹாரன் கேட்டுக் கனி பயந்து நின்றுவிட்டாள். அது போகும்வரை அங்கேயே நின்றோம்.

பல வாரம் கழித்து அவளே சொன்னாள்: "நீங்க கொஞ்சம் ஓடிட்டு வாங்கக்கா. நான் மெதுவா வாரேன்." கொஞ்ச தூரம் ஓடினேன். மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது. ஆனால் நிற்கத் தோன்றவில்லை.

இப்போது வாரத்தில் சில நாள் ஓடுகிறேன். போட்டிக்குப் பேர் கொடுப்பதில்லை. மற்ற நாளெல்லாம் கனியோடு நடக்கிறேன். செல்வியை ஏன் காப்பாற்றவில்லை என்று இன்னும் ஆண்டவரிடம் கேட்கிறேன். பதில் வரவில்லை. ஆனால் நான் விழுந்து கிடந்த இடத்துக்கு ஓர் ஆளை அனுப்பினார். அதற்காக அவருக்கு ஸ்தோத்திரம்.

உங்களில் யாராவது அப்படி ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தால், ஜெபிக்கக்கூட மனமில்லை என்றால், அதையே அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.