எந்தக் குவாந்தான்?

எங்கள் நாட்டில் குவாந்தான் இரண்டு. ஒன்று பகாங்கில், கிழக்குக் கடற்கரையில் இருக்கும் பெரிய பட்டணம். எங்கள் தோட்டத்திலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் நடுமலையைத் தாண்டி, நாட்டையே குறுக்காகக் கடக்க வேண்டும். இன்னொன்று கம்போங் குவாந்தான். சிலாங்கூர் ஆற்றங்கரையில், மின்மினிப் பூச்சி பார்க்கப் படகு விடும் மலாய்க்காரர்களின் கிராமம். எங்கள் தோட்டத்தை ஒட்டிய பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு டீயைக் குடித்துவிட்டுச் சைக்கிளை மிதித்தால், அடுத்த டீக்கு ஆசை வருவதற்குள் அங்கே போய்விடலாம். எங்கள் பக்கத்து ஆட்கள் ‘கம்போங்’கை விழுங்கிவிட்டு வெறுமனே குவாந்தான் என்றுதான் சொல்வார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், என் அப்பாவை நினைத்து நீங்கள் இப்போதே பரிதாபப்படத் தொடங்கலாம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரியின் டிரைவர். சம்பாதிக்கிற மகள்தான், கல்யாண வயது வந்த மகள்தான். ஆனால் தொழிற்சாலை பஸ் என்னை ரோட்டோரம் இறக்கிவிடும்போது தினமும் டார்ச் லைட்டோடு அப்பா அங்கே நிற்பார். அங்கிருந்து எங்கள் லயத்து வீடு கூப்பிடு தூரம். அந்த இடைவெளிக்குள் புலி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அவருக்கு ஓர் எண்ணம். எங்கள் தோட்டத்தில் புலியைப் பார்த்தவர் எவருமில்லை. “பாத்தவன் எவனும் திரும்பி வந்திருந்தாத்தானே சொல்றதுக்கு” என்பார். இவரிடம் எதைச் சொல்லி ஜெயிப்பது?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் இளைஞர் மன்றம் சைக்கிள் பயணம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தது. மன்றத்தின் செயலாளர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை அவர் மனைவியே பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்கு என்பது அவருடைய திட்டம். கோல சிலாங்கூரில் கடல் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு போய்க் குவாந்தான் கடலில் ஊற்ற வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் கடல் சேறும் சகதியுமாக இருக்கும். அதை நீலக்கடலில் கொண்டுபோய் ஊற்றுவது மரியாதையா என்று யாரோ கேட்டார்கள். விசில் ஊதிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

சீனப் பெருநாளுக்குத் தொழிற்சாலை ஒரு வாரம் மூடியிருக்கும். போக எனக்குக் கொள்ளை ஆசை. அதுவரை கோலாலம்பூரைத் தாண்டி எந்தப் பக்கமும் நான் போனதில்லை. ஆனால் வீட்டில் வாயைத் திறக்க தைரியம் வரவில்லை. “நான் வந்து பேசுறேன்” என்றார் ஆசிரியர். சரி, விசில் பறிபோகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வந்துபோன அன்று எனக்குப் பகல் ஷிப்ட். வீடு திரும்பும் வழியில், டார்ச் வெளிச்சத்தைக் காலுக்கு முன்னால் விட்டுக்கொண்டே அப்பா கேட்டார்.

“மன்றத்து வாத்தியாரு வந்தாரு. சைக்கிள்ல குவாந்தான் போறீங்களாமே?”

“ஆ... ஆமாம்பா.”

“பொம்பளப் புள்ளைங்களும் உண்டாம்ல?”

“மூணு பேருப்பா.”

“சரி, போயிட்டு வா. என்னா பெரிய தூரம்!”

எனக்குத் தலை சுற்றியது. என்னா பெரிய தூரமா! பஸ் ஸ்டாப்பிலிருந்து லயத்துக்குக் காவல் வருகிற மனுஷன், மலை தாண்டிக் கடல் வரைக்கும் போவதைத் தூரமே இல்லை என்கிறார். மகள் வளர்ந்துவிட்டாள் என்று ஒரே நாளில் புரிந்துகொண்டாரோ என்னவோ. அதற்குமேல் அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. சாமி வரம் கொடுத்தபிறகு, நிஜமாகவா சாமி என்று யாராவது கேட்பார்களா?

புறப்படுவதற்கு முந்தின நாள் பையில் துணி அடுக்கும்போது அம்மா எட்டிப் பார்த்தார். “குவாந்தான் போறதுக்கு நாலு செட்டுத் துணியா? அங்க என்ன கல்யாணமா?”

அப்பா சாப்பிட்டுக்கொண்டே, “விடு லா. ஆத்துல சேத்துல விழுந்தா மாத்த வேணாமா?” என்றார்.

அப்பாவுக்கு நகைச்சுவையும் வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்து போனேன்.

“இருட்டுல ஓட்டாத பாப்பா.”

“இல்லப்பா, பொழுது சாயறதுக்குள்ள நிறுத்திடணும்னு வாத்தியாரே சொல்லிட்டாரு.”

இரண்டு பேருக்கும் திருப்தி. எங்கள் வீட்டில் இவ்வளவு சுமுகமாக ஒரு பேச்சு அதற்கு முன்பு நடந்ததில்லை. விடிகாலையில் அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். கோயில் முன்னால் சைக்கிள் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முன்னாடியே பிடித்து வைத்திருந்த கடல் தண்ணீர்ப் போத்தலோடு ஆசிரியர் நீளமாக ஒரு விசில் ஊத, பத்துப் பன்னிரண்டு பேர் கிளம்பினோம்.

முதல் நாள் ரவாங் வழியாக ராசா என்ற ஊருக்கு. ஒன்றும் பெரிய ஏற்றமில்லை என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அவருடைய சைக்கிளில் கியர் உண்டு. என்னுடையது முன்னால் கூடை வைத்த பெண்கள் சைக்கிள், சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வருவதற்காகப் பிறந்தது. நான் தொடை விண்விண்ணென்று தெறிக்க மிதித்தேன். வழியில் கடைகளெல்லாம் பெருநாளுக்குச் சாத்தியிருந்தார்கள். பட்டாசுக் குப்பை சிவப்புச் சிவப்பாகக் கிடந்ததே தவிர, திறந்த சாப்பாட்டுக் கடை கண்ணில் படவில்லை. கடைசியில் என் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு ஒரு கவளம் தின்றோம். சாப்பாடு பற்றி யோசிக்க மறந்த ஆசிரியர்தான் இரண்டு கவளம் எடுத்தார்.

சாயங்காலம் ராசாவில் கோயில் மண்டபத்தில் காலை நீட்டி உட்கார்ந்தோம். வீட்டில் எப்படி அனுமதி வாங்கினோம் என்ற பேச்சு வந்தது. ஒருத்தி மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாளாம். இன்னொருத்தியோடு அவள் அண்ணனைக் காவலுக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் அந்நேரம் மண்டபத் தூணில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். காவல் பலமாகத்தான் இருந்தது.

“எங்கப்பா ஒரு கேள்வி கேக்கல” என்றேன் நான். குரலில் எவ்வளவு கர்வம் இருந்தது என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆசிரியரும் சாட்சிக்கு வந்தார். “உண்மை. நான் பெரிய பேச்சே தயார் பண்ணிட்டுப் போனேன். பெண் கல்வி, பெண் முன்னேற்றம், எல்லாம். ‘அண்ணே, சைக்கிள்ல குவாந்தான்’னு ஆரம்பிச்சேன். ‘தாராளமா’ன்னுட்டாரு. பேச்சு அப்படியே தொண்டையில நின்னுபோச்சு. அப்பான்னா அப்படி இருக்கணும்! நம்ம ஆண்டு விழாவுல அவருக்குப் பொன்னாடை போத்துறோம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கால் வலி பறந்துவிட்டது. அப்பாவை அவ்வளவு காலமும் தப்பாக எடைபோட்டுவிட்டேனே என்று மனது இளகிப்போய், இன்னும் இரண்டு பங்கு கூட்டி அவர் பெருமையை அளந்தேன். எங்கள் தோட்டத்திலேயே முற்போக்கான மனிதர் என்று சொன்னதாகக்கூட ஞாபகம்.

மறுநாள் கோலக்குபு பாருவைத் தாண்டியதும் மலை தொடங்கியது. ஒரு பக்கம் மூங்கில் காடு, மறுபக்கம் பள்ளம், நடுவில் குறுகலாக வளைந்து வளைந்து ஏறும் ரோடு. கொஞ்ச தூரத்திலேயே நான் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். சைக்கிளை நான் தள்ளினேனா, சைக்கிள் என்னைப் பிடித்து நிறுத்தியிருந்ததா, தெரியாது. முகம் மிளகாய்ப் பழமாகி, முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டு, மூச்சு இரைக்க இரைக்க நான் வந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒரு ஹாரன் அடித்தது.

“பெருநாளும் அதுவுமா இந்த ரோட்டுல எவன்டா லோரி ஓட்டுறது?” என்று முன்னால் போன பையன் ஒருவன் கத்தினான். எனக்கு மட்டும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. தொண்டை கட்டிய கிடா மாதிரி அடிக்கும் அந்த ஹாரன் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஆலை மூடியிருந்ததால் சும்மா நின்ற தோட்டத்து லோரியை, ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியிடம் என்ன சொல்லி எடுத்து வந்தாரோ, அப்பா இறங்கி வந்துகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. கண் சிவந்திருந்தது.

என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தார். பிறகு லோரியைக் கையால் காட்டிக் கத்தினார். “ஏறு!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நின்றேன்.

“ஏறுன்னா ஏறு!”

மேலே வளைவில் நின்றிருந்த ஆசிரியருக்கு லோரியோ அப்பாவின் கையோ கண்ணில் படவில்லை. குரல் மட்டும் கேட்டது. கொடுத்துவைத்த மகளை உற்சாகப்படுத்த அப்பா மலைக்கே வந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார் மனிதர். “ஏறு! ஏறு!” என்று அவரும் கத்தினார். விசில் அடித்தார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் “ஏறு! ஏறு!” என்று மலையே அதிரும்படி கூவத் தொடங்கியது. அப்பா திகைத்துப்போய் அண்ணாந்து பார்த்தார்.

ஆசிரியர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “அண்ணே! அனுப்புனதே பெரிசு. இப்ப பின்னாலயே வந்து தைரியம் குடுக்கிறீங்களே! உங்களப் பத்தித்தான் ராத்திரியெல்லாம் பேச்சு.”

“என்னப் பத்தியா?” என்றார் அப்பா.

“ஆமா அங்கிள்” என்றாள் சாப்பிடாமல் கிடந்தவள். “எங்கப்பாவுக்கு நீங்க கொஞ்சம் புத்தி சொல்லணும் அங்கிள்.”

காவலுக்கு வந்த அண்ணன்கூட வந்து கும்பிட்டான். ஆண்டு விழா, பொன்னாடை என்று ஆசிரியர் அடுக்கிக்கொண்டே போனார். அப்பாவின் முகத்தில் கோபம் ஒரு பக்கம் ஏறப் பார்த்தது. வெட்கம் அதைக் காலைப் பிடித்து இழுத்தது. கடைசியில், “பிரேக்கப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்று ஒரு வார்த்தை சொன்னார். என் சைக்கிளைப் பிடித்து லோரிக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன்.

குனிந்து பிரேக்கைத் தடவிக்கொண்டே, தலை நிமிராமல் பேசினார். “நேத்து ஆறு மணி வரைக்கும் பாத்தேன். ஏழாச்சு. மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டுக் குவாந்தானுக்குப் போனேன். படகுக்காரனக் கேட்டா, சைக்கிளா, அப்படி யாரும் வரலயேங்கிறான். நம்பாம நானே படகுல ஏறி ரெண்டு கரையும் பாத்தேன். மரத்துக்கு மரம் பூச்சிதான் மின்னுது, உன்னக் காணோம். அப்புறம் வாத்தியார் பொஞ்சாதிகிட்டப் போய்க் கேட்டா, அந்தக் குவாந்தான் இல்லையாம். பகாங்காம்! உங்கம்மா அங்கயே உக்காந்துட்டா.”

ஆற்றில் படகேறி என்னைத் தேடிய அப்பாவை இன்றைக்கு அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்கு வேறொன்றுதான் உறைத்தது.

“அப்போ... நீங்க என்னை அனுப்பவே இல்லையாப்பா?”

அப்பா பிரேக் கம்பியையே திருகிக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயணம் போய்விடுமே என்ற அழுகை இல்லை. மகளை நம்பி அனுப்பிய ஓர் அப்பா முந்தின நாள் முழுக்க எனக்கு இருந்தார். அவர் அந்த இடத்திலேயே காணாமல் போய்க்கொண்டிருந்தார். “நேத்துலேருந்து எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்பா. எங்கப்பா மாதிரி யாருக்கும் இல்லன்னு” என்று சொல்லிவிட்டு முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன். “பரவால்ல, வரேன். லோரியிலயே வந்துடறேன்.”

அவர் பிரேக்கை விட்டு எழுந்தார். மலையைப் பார்த்தார். மேலே வளைவில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். சட்டைப் பொத்தான் மாறியிருப்பது அப்போதுதான் தெரிந்ததுபோல, ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டார். அதற்கு வெகுநேரம் ஆயிற்று.

“முடியுமா உன்னால?”

“முடியும்னுதான் நினைக்கிறேன்பா.”

“இந்த மலைக்கு அப்புறமும் மலை இருக்கு.”

“தெரியும்பா.”

“முடியலன்னா எனக்கு மட்டும் போன் பண்ணு. தோட்டத்து ஆபீசுக்கு. உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்.”

“அம்மாகிட்ட என்னப்பா சொல்லுவீங்க?”

லோரிக் கதவைத் திறந்து, ஒரு காலை மேலே வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“எந்தக் குவாந்தான்னு எனக்கு மொதல்லயே தெரியும், தெரிஞ்சேதான் அனுப்புனேன்னு சொல்லிடறேன். ஒரு வாரம் சோறு போட மாட்டா, அவ்ளோதானே. போ, நிக்காத. அவங்கல்லாம் பாக்குறாங்க.”