சின்னப் பட்டம்

எங்கள் குடும்பத்துக்கு ஒரு பட்டம் உண்டு. நூல் கட்டி வானத்தில் விடுகிற பட்டம் அல்ல, கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு வாங்குகிற பட்டமும் அல்ல. அந்த இரண்டாவது வகையில் நானே இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதற்காக எங்கள் ஊர் இலஞ்சிப் பக்கத்தில் ஒருவரும் எழுந்து நின்று எனக்கு வழிவிட்டதில்லை. நான் சொல்வது ஆடி மாதம் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் தலையில் கட்டுகிற பட்டம். பார்க்கப்போனால் ஒரு பழைய பட்டுத்துணி, அவ்வளவுதான். ஆனால் அதைப் பரிவட்டமாகக் கட்டிக்கொண்டவர்தான் பெரிய பட்டம். முதல் திருநீறும் முதல் மாலையும் அவருக்கு. நிலமெல்லாம் பாகம் பிரிந்து, பாதி விலைக்குப் போய், வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் மாதச் சம்பளக்காரர்கள் ஆன பிறகும் அந்தத் துணி மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை.

தாத்தா இறந்ததற்கு அடுத்த ஆடியில் அது மூத்த மகனான அப்பாவுக்கு வந்தது. பெரிய பட்டம் கட்டுகிற அன்றே, அவருக்குப் பிறகு வரப்போகிறவனுக்குச் சின்னப் பட்டம் கட்டிவிட வேண்டும் என்பது முறை. இருவரும் காலையில் குற்றால அருவியில் குளித்துவிட்டு, நடுப்பகல் பூசையான உச்சிக்கொடைக்கு அம்மன் முன்னால் வந்து நிற்க வேண்டும். வரப்போகிறவன்தான், வரப்போகிறவள் என்ற பேச்சே கிடையாது. அப்பாவுக்கு இருந்ததோ நான் ஒருத்தி. ஆகவே சித்தப்பா மகனுக்குத்தான் சின்னப் பட்டம் என்று யாரும் முடிவு செய்யாமலே முடிவாகிவிட்டது. அவன் என்னைவிடச் சில மாதம் இளையவன். மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு என் பின்னாலேயே திரிகிற பிள்ளை.

எனக்கு அப்போது எட்டு வயது. அந்தப் பங்குனியில் அம்மை போட்டு எழுந்ததற்காக அம்மா எனக்குத் திருச்செந்தூரில் மொட்டை போட்டிருந்தாள். ஆடிக்குள் முடி கொஞ்சம்தான் வளர்ந்திருந்தது. அப்பாவுக்குத் தூத்துக்குடியில் வேலை. கொடைக்குத்தான் ஊருக்கு வருவோம். அதனால் எங்கள் வீட்டாரைத் தவிர ஊரில் பலருக்கு என் முகம் அவ்வளவு பழக்கமில்லை.

கொடையன்று காலையில் அப்பா சித்தப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, “வாம்மா, அருவிக்குப் போயிட்டு வருவோம்” என்றார். கையில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தார். அந்தக் காப்பு கையில் இருக்கும்வரை மீனோ கறியோ வாயில் வைக்கக் கூடாது. பட்டம் கட்டிக்கொள்கிறவர் விரதம் முறித்தால் குடும்பத்துக்கே ஆகாது என்பார்கள். ஐந்தருவியில் நல்ல சீசன். ஆண்கள் பக்கம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீருக்குள் நுழையும் முன் குனிந்து, “கம்மலைக் கழட்டும்மா. அருவி இழுத்துட்டுப் போயிரும்” என்றார். குற்றாலத்து அருவி எத்தனையோ பேர் காதையும் கழுத்தையும் காலி செய்திருக்கிறது. ஆகையால் அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கம்மல் இரண்டையும் வாங்கி வேட்டி மடியில் முடிந்துகொண்டார்.

குளித்துக் கரையேறினால், என் பட்டுப்பாவாடை வைத்திருந்த பையை வீட்டிலேயே மறந்துவிட்டாராம். “அதனால என்ன” என்று தானே சொல்லிக்கொண்டு, கடைவீதியில் ஒரு வெள்ளைச் சட்டையும் சிறுவர் வேட்டியும் வாங்கினார். என்மேல் வைத்து அளவுகூடப் பார்க்கவில்லை. இரண்டும் அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தன. கம்மலைத் திருப்பித் தரவும் மறந்துவிட்டார். இத்தனை மறதியும் ஒரே காலையில் ஒரு மனிதருக்கு வருமா என்று கேட்க எட்டு வயது போதவில்லை. வேட்டி கட்டிக்கொண்ட குஷியில் ஸ்கூட்டர் நிறுத்திய இடம்வரை காலை வீசிவீசி நடந்தேன்.

கோயிலில் மேளம் ஏறிவிட்டது. சித்தப்பா தன் மகனைக் கூட்டிக்கொண்டு பேரருவிக்குப் போனவர் இன்னும் வந்து சேரவில்லை. சீசன் கூட்டத்தில் கார் மாட்டிக்கொண்டிருக்கும் என்றார்கள். செல்போன் வராத காலம். பூசாரி தாத்தாவுக்குக் கண்ணில் புரை. முதலில் அப்பாவுக்குப் பட்டம் கட்டி, திருநீறு பூசி, மாலை போட்டார். பிறகு, “சின்னப் பட்டம் எங்கய்யா?” என்று கேட்டார்.

அப்பாவின் கை என் முதுகில் வந்து படிந்தது. அது மெல்ல என்னை முன்னால் தள்ளியது. நான் இரண்டடி வைத்துப் பூசாரியின் முன்னால் போய் நின்றேன்.

“நேரம் போயிட்டு தாத்தா. கட்டுங்க” என்றார் அப்பா.

பூசாரி சின்னப் பட்டத்துத் துணியை எடுத்துக் கட்டத் தொடங்கினார். துணி சந்தனமும் கற்பூரமுமாக மணத்தது. நெற்றியை இறுக்கிப் பிடித்தபோது முதுகு தானாக நிமிர்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அந்தக் குலவை எனக்கு. அப்போது எனக்கு என்ன சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அத்தனை பேர் என்னைப் பார்க்கிறார்கள், அம்மன்கூட என்னைத்தான் பார்க்கிறாள் என்று இருந்தது.

துணி தலையில் இரண்டாவது சுற்று வரும்போது சித்தப்பா தலை நனைந்தபடி மகனை இழுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தார். என்னைப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

“அண்ணே, பாப்பால்லா அது?”

மேளம் நின்றது. பூசாரி என் மோவாயைத் தூக்கி முகத்தை உற்றுப் பார்த்தார். “நீ பொட்டப்பிள்ளையாட்டி?” என்றார். நான் தலையை ஆட்டினேன். எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம், என் மகள்தான், நான்தான் நிறுத்தினேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லுவார் என்று நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏட்டி, உன்னை யாரு இங்கன வந்து நிக்கச் சொன்னா?” என்றார் அப்பா.

அம்மா என்றும் கண்ணு என்றும்தான் அதுவரை அவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அன்றுதான் முதன்முதலாக ஏட்டி. என் முதுகில் இருந்த கையைத் தேடினேன். அவருடைய இரண்டு கைகளும் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டபடி இருந்தன. எப்போது முதுகைவிட்டுப் போய்க் கும்பிட்டனவோ தெரியவில்லை.

துணியை அவிழ்த்தார்கள். கட்டும்போது இருந்த பதவிசு அவிழ்க்கும்போது இல்லை. ஒரு கிழவர், “தீட்டுப் பட்டிருக்கும், மஞ்சத்தண்ணி தெளிங்க” என்றார். என் தலையிலிருந்து எடுத்ததை என் கண்ணெதிரிலேயே மஞ்சள் தண்ணீர் தெளித்து உதறி, சித்தப்பா மகனுக்குக் கட்டினார்கள். அவனுக்கு அது பெரிதாகிக் கண்ணை மறைத்தது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பெல்லாம் எனக்காக வைத்திருந்தார்கள். “ஆசையப் பாரேன் இவளுக்கு” என்றாள் ஒருத்தி. “என்ன பட்டக்காரி, வேட்டி நல்லா இருக்கே” என்று இன்னொருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். அந்தப் பெயர் கல்யாணமாகிப் போகும்வரை என்னை விடவில்லை.

அப்பா சொன்னதை நான் நம்பிவிட்டேன். நானாகத்தான் போய் நின்றிருப்பேன் என்றே எனக்கும் பட்டது. இல்லாவிட்டால், கட்டும்போது ஏன் அத்தனை சந்தோஷமாக இருந்தது? அடுத்தவன் பொருளை எடுத்து அம்மன் முன்னாலேயே பிடிபட்டதைப்போல உடம்பு கூசியது. வேட்டியை அங்கேயே அவிழ்த்து எறியலாம் என்றால் உள்ளே போட்டிருந்தது ஈர ஜட்டி. பொங்கல் அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். என் காதைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். பேச்சில் யாருக்கும் பாக்கி வைக்காத அம்மா, அப்போது வாயையே திறக்கவில்லை. சரிதான், அம்மாவுக்கும் என்னால் தலைகுனிவு என்று நினைத்தேன்.

சாயங்காலம் அப்பா மறுபடி ஸ்கூட்டரை எடுத்தார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு செங்கோட்டையும் தாண்டிப் போனார். புளியறையில் செக்போஸ்டுக்கு முன்னால், கேரளா போகிற லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்தில் ஒரு பரோட்டாக் கடை. எனக்கு மட்டும் பரோட்டாவும் கோழி வறுவலும் சொன்னார். வீட்டில் பத்து நாளாக முட்டைகூடக் கிடையாது. எனக்குப் பசி. ஆனாலும் கை வைக்கப் பயமாக இருந்தது.

அப்பா மடியை அவிழ்த்துக் கம்மலை எடுத்தார். தானே என் காதில் போட்டுவிட்டார். பழக்கமில்லாத கை, திருகாணி அவர் விரலுக்கு அடங்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. போட்டு முடித்த பிறகும் காதைவிட்டுக் கையை எடுக்கவில்லை. இதுதான் சமயம் என்று, மனசுக்குள் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

“இனிமே கேக்காம முன்னால போய் நிக்க மாட்டேம்ப்பா.”

அப்பா கையை எடுத்துவிட்டார். ரோட்டில் ஒரு லாரி கிளம்பிப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் இலையிலிருந்து பரோட்டாவைப் பிய்த்து, கோழித்துண்டோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார். மணிக்கட்டில் காப்பு மஞ்சள் மாறாமல் இருந்தது. அதன் முனை சால்னாவில் நனைந்தது.

“அப்பா, காப்பு” என்றேன்.

“தெரியும்மா” என்றார். இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார்.

அவர் வாயில் ‘ஏட்டி’ போய் மறுபடி ‘அம்மா’ வந்துவிட்டது. என் எச்சில் என்றும் பார்க்காமல் என் இலையிலேயே சாப்பிடுகிறார். எனக்கு அழுகை முட்டியது. அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, கோழியில் பெரிய துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.