குத்திக் கிழித்த டிரம்

மலேசியாவில், செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் புல்லுக்கு விஷ மருந்து அடித்த அந்த அக்காவின் பெயரை நான் கேட்டதே இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லாருக்கும் அவர் 'மருந்துக்கார அக்கா'தான். ஒடிசலான உடம்பு, முழுக்கைச் சட்டை, முகத்தைச் சுற்றிக் கட்டிய துண்டு, அதற்கு மேலே சிவந்த இரண்டு கண்கள்.

மருந்து தீர்ந்த டிரம்மைப் பாராங் கத்தியால் குத்திக் கிழித்த பிறகுதான் அவர் வீட்டுக்குக் கிளம்புவார். எதையும் வீணாக்காத எங்கள் லயத்துக்கு இது தீராத வயிற்றெரிச்சல். எண்பதுகளின் தொடக்கத்தில், குழாயில் தண்ணீர் வராத ஒரு வாரம், நான் மருந்து ஸ்டோர் வாசலுக்கே போய் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"குத்தாதீங்க அக்கா, எனக்குக் குடுங்க. மழைத்தண்ணி புடிக்கணும்."

"கைய விடு."

"சோப்புப் போட்டு நல்லா கழுவிக்கிறேன்லா!"

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மூன்று விரல்களில் நகமே இல்லை.

"இதையுந்தான் தினம் சோப்புப் போட்டுக் கழுவுறேன்."

பிறகு கத்தியை எடுத்து, என் கண்முன்னாலேயே ஓங்கிக் குத்தினார்.

நான் திட்டிக்கொண்டே திரும்பி நடந்தேன். பாதி வழியில்தான் அது உறைத்தது. நான் கேட்டுப் போனது இரண்டாவது டிரம். முதலாவது, அவர் வேலைக்கு வருவதற்கு முன்பே அதே ஸ்டோரில் வாங்கியது, எங்கள் சமையற்கட்டில் தண்ணீரோடு இருந்தது. அன்று காலையும் அதிலிருந்து மொண்டுதான் உலை வைத்திருந்தேன்.