பிளம் ஓடைப் பாலமும் ஆர்லிஸ் ஸ்கோகனும்

எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், செய்தி வேண்டுமென்றால் சனிக்கிழமை காலை குப்பையை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். வாரப் பத்திரிகை நின்றுபோய்ப் பல வருடமாகிறது. நீதிமன்றக் கட்டடத்தில் செவ்வாய்தோறும் நடக்கும், கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்கள் கூட்டத்துக்கு ஒழுங்காக வருபவர் ஒரே ஒருவர்தான், அவரும் காபிக்காக. ஆனால் குப்பை எல்லோர் வீட்டிலும் சேர்கிறது, அதை அவரவரே கிடங்குக்குக் கொண்டுவர வேண்டும். அதனால் கமிஷனர் ஆர்லிஸ் ஸ்கோகன் சனிக்கிழமைகளில் குப்பைக் கிடங்குக்கே வந்து அட்டைப்பெட்டித் தொட்டியின் பக்கத்தில் நின்றுவிடுவார். அந்த வாரம் எந்தச் சாலைக்குச் சரளை போடுகிறார்கள், சிறைக்கூரை என்ன ஆயிற்று, கண்காட்சித் திடலில் பந்தல் எப்போது என்று, பை வீசுகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

மொன்டானாவின் கிழக்கு ஓரம், ஆட்களைவிட மாடுகள் அதிகம். நான் பல நாடுகளில் அலைந்துவிட்டுப் போன வசந்தத்தில் திரும்பி வந்தபோது ஊரில் காலியாக இருந்த ஒரே வேலை, கிடங்கு வாசலில் வண்டிகளை எண்ணி உள்ளே அனுப்புவது. கோடையோடு கிளம்பிவிடுவேன் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். ஆர்லிஸின் பேச்சைக் கேட்டபடி இலையுதிர்காலமும் வந்துவிட்டது.

அந்த அம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது. இளமையில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். பிறகு டிராக்டர் உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றார். ஒரு வருடம் உருகிய பனி அவர் வீட்டுச் சாலையை அடித்துக்கொண்டு போனபோது சண்டை போடப் போனார். அப்போதைய கமிஷனர், "நீயே வந்து உட்கார்ந்து பாரு, தெரியும்," என்றார். ஆர்லிஸ் தேர்தலில் நின்று, சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் அவரையே தோற்கடித்தார். அந்தப் பழைய கமிஷனர் இன்றும் குப்பை கொண்டுவருகிறார். ஜன்னலை இறக்கி, "எப்படி இருக்கு, வசதியா இருக்கா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்காமல் போகமாட்டார்.

ஆர்லிஸின் கணவர் ராய்க்கு இந்தப் பதவியே ஆகாது. வீட்டுத் தொலைபேசி மணி அடித்தால் எழுந்து தீவனம் போடப் போய்விடுவார். "எங்க மாடுங்க இப்படிக் கொழுத்துக் கெடக்கறது நான் கமிஷனர் ஆனதாலதான்," என்பார் ஆர்லிஸ்.

எங்களுக்கு மொத்தம் மூன்று கமிஷனர்கள். அதில் இருவர் சந்தித்துக் கவுண்டி விஷயம் பேசினால் சட்டப்படி அதுவே கூட்டம். கூட்டமென்றால் முன்னதாக அறிவிப்பு ஒட்ட வேண்டும், வருகிறவர்களை உள்ளே விட வேண்டும். ஆர்லிஸும் இன்னொரு கமிஷனரான வெர்ன் ஹாப்பும் வருடக்கணக்காக ஒரே மேசையில் சீட்டாடியவர்கள். வெர்ன் தேர்தலில் ஜெயித்த வாரமே அந்தச் சீட்டுக்கச்சேரி முடிந்தது. தேவாலய விருந்தில் ஆளுக்கொரு மூலையில் தட்டோடு உட்காருவார்கள். "விவாகரத்தான ஜோடிகூட இவ்வளவு தூரத்துல உக்காராதுப்பா," என்று ஊரே சிரிக்கும். சனிக்கிழமைகளில் வெர்ன் கிடங்கு வாசலுக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்து வானொலி கேட்பார். அவர் மனைவிதான் பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார்.

இந்தக் கோடையில் பிளம் ஓடைப் பாலத்துக்குச் சோதனைக்காரர்கள் வந்தார்கள். அடித்தூண்கள் உளுத்துவிட்டன, கனத்த வண்டிகள் போகக்கூடாது என்று பலகை மாட்டிவிட்டுப் போனார்கள். ஒன்று கவுண்டி சேமிப்பை எடுத்துச் சீர்செய்ய வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது சில பண்ணைகள் மட்டுமே. அதில் டெனிஸ் ரைனர் என்பவளுடையது ஒன்று. பாலம் போனால் டெனிஸின் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கு மலையைச் சுற்றி ஒரு மணி நேரம். பனி விழுந்தால் அதுவும் இல்லை. நகரத்தில் வாடகைக்கு வீடு எடுத்து, குளிர்காலம் முழுவதும் கணவனை மாடுகளோடு விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். அதற்குப் பதில் பண்ணையையே விற்றுவிடலாம் என்று அவள் கணவன் பேச ஆரம்பித்திருந்தான்.

ஆர்லிஸ் சீர்செய்யும் பக்கம். மூன்றாவது கமிஷனர் கோரி லண்ட், அந்தப் பணம் வடக்குச் சாலைகளுக்கு வேண்டும் என்றார். வெர்ன் வாயே திறக்கவில்லை.

வாக்கெடுப்புக்கு முந்தின சனிக்கிழமை டுவேன் ராட்கே வந்தார். தானியக் கிடங்கில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், தனிக்கட்டை. ஒரே நாளில் இரண்டு தடவை வருவார், தடவைக்கு ஒரு பை.

"வெர்ன் என்ன பண்ணப் போறான்?" என்று ஆர்லிஸைக் கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும்? நான்தான் அவன்கூடப் பேசக்கூடாதே."

"என்ன குடுத்தா அவன் வழிக்கு வருவான்?"

ஆர்லிஸ் சிரித்தார். "திடல்ல புதுப் பந்தல் போடணும்னு அவனுக்கு ஆசை. பாலத்துக்கு கை தூக்கினான்னா, அடுத்த வருஷம் பந்தலுக்கு நான் குறுக்க நிக்கமாட்டேன்."

டுவேன் போய்விட்டு மதியத்துக்குள் இரண்டாவது பையோடு வந்தார். பையில் ஒரு பால் டப்பாவும் பழைய செருப்பும்தான் இருந்தன.

"பந்தல்னா சரியாம்," என்றார்.

"நல்லது," என்றார் ஆர்லிஸ்.

நான் வாசலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அதில் தப்பு எதுவும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. பாலத்தைச் சீர்செய்வார்கள். அந்தச் சனிக்கிழமை டெனிஸ் இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டு ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். நகரத்து வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம். ஆர்லிஸ் ஒன்றைப் பிய்த்து எனக்கும் கொடுத்தார்.

கெடுத்தது டுவேனின் வாய்தான். உணவுக்கடையில் உட்கார்ந்து, பாலத்தைக் காப்பாற்றியதே தான்தான் என்று அளந்திருக்கிறார். அடுத்த மேசையில் கோரி லண்ட் முட்டை தின்றுகொண்டிருந்தார்.

கவுண்டி வக்கீல் மூன்று பேருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் சொன்னார். ஆள் விட்டுப் பேசினாலும் அது பேச்சுதான். ரகசியக் கூட்டம் நடத்தி எடுத்த தீர்மானம் நீதிமன்றத்தில் நிற்காது. அப்படி நடந்ததா என்று செவ்வாய்க்கிழமை எல்லோர் முன்னாலும் கேட்பேன் என்றார்.

அதற்கு முந்தின சனிக்கிழமை கிடங்கில் கூட்டம் அதிகம். வேலை இல்லாதவர்களும் வந்து நின்றார்கள். டெனிஸ் குப்பையை இறக்கவே இல்லை. நேராக ஆர்லிஸிடம் போனாள்.

"டுவேன் புளுகினான்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான? அவன் பேச்சை இந்த ஊர்ல எவன் நம்பறான்?"

டுவேன் பக்கத்திலேயே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அவ சொல்றது சரிதான் ஆர்லிஸ். என்மேல போடு. போன வருஷம் தோட்டத்துல மலைச்சிங்கம் வந்துச்சுன்னு சொன்னேனே, அதைவிடவா இது பெரிய புளுகு? எனக்கென்ன போச்சு."

"அது உண்மையிலயே வரலியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நாய்தான்," என்றார் டுவேன்.

சிலர் சிரித்தார்கள். ஆர்லிஸ் சிரிக்கவில்லை. அட்டைப்பெட்டி ஒன்றைக் காலால் மிதித்துத் தட்டையாக்கித் தொட்டியில் போட்டார்.

"நீ புளுகலையே டுவேன். நான் சொன்னேன், நீ கொண்டுபோனே."

"உங்களுக்கு ஒரு வார்த்தை," என்றாள் டெனிஸ். "எனக்கு வீடு."

"தெரியுதும்மா."

"தெரிஞ்சு என்ன? என் பிள்ளைங்களை நீங்கதான பேருந்துல ஏத்திக் கொண்டுபோய் விடப்போறீங்க?"

ஆர்லிஸ் இன்னொரு பெட்டியை எடுத்து மிதித்தார். பிறகு வடக்குச் சாலையில் சரளை எந்த வாரம் என்று யாரோ கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினார். வாசலைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தி, "நீயும் அங்கதான இருந்தே. உன்னையும் கேட்டா என்ன சொல்லுவே?" என்றார்.

"நீங்க சொல்றதைத்தான் சொல்லுவேன்," என்றேன்.

"அது ஒரு பதிலா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை நானும் விடுப்பெடுத்துக்கொண்டு போனேன். நாற்காலி போதாமல் பக்கத்து அறையிலிருந்து கொண்டுவந்து போட்டார்கள். காபிக்கு வருகிறவர் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வக்கீல் முதலில் வெர்னைக் கேட்டார். வெர்ன் தலையைக் குனிந்து, "டுவேன் என்னென்னமோ பேசுவான், ஞாபகமில்ல," என்றார். பிறகு ஆர்லிஸை.

"ஞாபகமிருக்கு," என்றார் ஆர்லிஸ். "பாலத்துக்கு வெர்ன் ஓட்டு போட்டா பந்தலுக்கு நான் குறுக்க நிக்கமாட்டேன்னு டுவேன்கிட்ட சொன்னேன். அவன் போய்ச் சொல்லுவான்னு தெரிஞ்சுதான் சொன்னேன். சரின்னு பதில் வந்துச்சு."

கோரி லண்டே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பழைய தீர்மானத்தை ரத்து செய்தார்கள். அறிவிப்பு ஒட்டி, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வாக்கெடுப்பு வைத்தார்கள். வெர்ன், "என் பேரு கெட்டுப்போச்சு, நான் இதுல ஒதுங்கிக்கறேன்," என்றார். ஆர்லிஸ் ஆம் என்றார், கோரி இல்லை என்றார். ஒன்றுக்கு ஒன்று. தீர்மானம் விழுந்தது. மாதக் கடைசியில் பாலம் மூடப்படும்.

வெளியே வரும்போது வெர்ன் படியில் ஆர்லிஸைக் கடந்து போனார். "சும்மா இருந்திருக்கலாமில்ல நீ," என்றார். அது கவுண்டி விஷயமா இல்லையா என்று யோசித்தாரோ என்னவோ, ஆர்லிஸ் நேராகத் தன் வண்டிக்கு நடந்தார்.

அந்த வாரம் முழுக்க ஆர்லிஸ் யாருடைய ஓட்டும் தேவைப்படாத வேலை ஒன்றைப் பார்த்தார். சாலைப்பிரிவுத் தலைவரைப் பாலத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். வண்டிகள் ஏறாதபடி இரண்டு முனையிலும் சிமென்ட் கட்டைகள் வைக்கத்தான் போகிறார்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி விடலாமா, நடக்கிறவர்களின் கனத்தைப் பாலம் தாங்குமா என்று சோதனைக்காரர்களிடம் கேட்டு எழுத்தில் வாங்கினார். பள்ளிக்குப் போய், பேருந்து பாலத்தின் இந்தப் பக்கம் வந்து நின்று திரும்ப ஏற்பாடு செய்தார். எங்கே திருப்பினால் சேற்றில் சிக்காது என்று ஓட்டுநருக்கு அவரே இறங்கி நின்று காட்டினார்.

சனிக்கிழமை காற்று பலமாக இருந்தது. வந்தவர்கள் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள், சிலர் அதுவும் செய்யவில்லை. பழைய கமிஷனர் ஜன்னலை இறக்கினார், ஆனால் எதுவும் கேட்கவில்லை. ஆர்லிஸ் வழக்கமான இடத்தில் நின்று, "பாலம் முப்பதாம் தேதி மூடறாங்க. நான்தான் வாக்கெடுப்பைக் கெடுத்தேன். நடந்து போகலாம், வண்டி போகாது. மாட்டு லாரிக்கெல்லாம் சுத்துவழிதான்," என்று வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். புதிதாகக் கேட்பவருக்கும் குறைக்காமல் சொன்னார்.

டெனிஸ் கடைசியில் வந்தாள். பைகளை ஒவ்வொன்றாக வீசினாள். ஆர்லிஸ் காத்திருந்தார்.

"பேருந்து ஏழேகாலுக்கு இந்தப் பக்கம் நிக்கும். கைப்பிடிக்குக் கயிறு கட்டச் சொல்லியிருக்கேன், பனி நாள்ல வழுக்கும்."

"டிரைவர் சொன்னான்."

"உங்க வீட்டுக்காரர்?"

"விக்கறதைப் பத்தி வசந்தத்துக்கு அப்புறம் பேசிக்கலாம்கறாரு. இந்தக் குளிர் எப்படிப் போகுதுன்னு பாக்கணுமாம்." டெனிஸ் வண்டியின் பின்கதவைச் சாத்தினாள். "நவம்பர் தேர்தல்ல நான் உங்களுக்கு ஓட்டுப் போடமாட்டேன். உங்க மூஞ்சிக்கு நேராவே சொல்லிடறேன்."

"சரிம்மா," என்றார் ஆர்லிஸ். "அந்த பெயின்ட் டப்பாவை இங்க போடாதே. காய்ஞ்சிருந்தா மட்டும்தான் எடுப்பாங்க."

டெனிஸ் டப்பாவை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே ஏதோ தளும்பியது. மறுபடியும் வண்டியில் வைத்துக்கொண்டு, பாலம் மூட இன்னும் நாள் இருந்தும், சுற்றுவழிச் சாலைப் பக்கம் திரும்பினாள்.