எந்த ஊர் மழை

ஸ்கொட்லாந்துக்காரர்கள் எல்லோருமே பிடிவாதக்காரர்களா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஸ்கொட்லாந்துக்காரி ஒரேயொருவர்தான். அவரைப் போல் இன்னும் நாலு பேர் அங்கே இருந்தால் அந்த நாட்டுக்காரர்களின் பாடு திண்டாட்டம்தான்.

வாழ்நாள் முழுக்கக் கட்டடக் கலைஞராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். டொல்பின் பார்க்கக் கற்பிட்டிக்கு வந்தார். பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பக்கத்து எத்தாளையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அப்படியே தங்கிவிட்டார். அந்த வீட்டுக்காரர் மேலே ஒரு அறை கட்ட விரும்பினார். அதற்குப் பிளான் கீற ஆள் தேடித்தான் இருவரும் புத்தளத்தில் நான் வேலை செய்த கடைக்கு வந்தார்கள். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் பிளான் கீறப் படித்தவள். கொஞ்சம் இங்கிலீஷும் வரும். என் மேசையில் கிடந்த தாளைக் கேட்காமலே எடுத்துப் பார்த்த அவர், "இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏனென்றால் அந்தக் கதவைத் திறந்தால் அலுமாரியில் இடிக்கும். நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

பழகிப்போன பிறகு, ஒரு நாள் மேடத்தை (அப்படித்தான் அவரைக் கூப்பிடுவேன்) சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிப் போனேன். எங்கள் வீடு புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லுப் பக்கம் போகும் வழியில், களப்போரத் தாழ்நிலத்தில் இருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் சனங்கள் கொட்டில் போட்ட இடம். இப்போது யாரும் கொட்டிலில் இல்லை. எல்லாம் கல்வீடு, கரண்ட் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. ஆனாலும் எங்களுக்கு அது கேம்ப்தான். நான் பிறந்ததே அங்கேதான். இருந்தும் 'எந்த ஊர்?' என்று யாராவது கேட்டால், மன்னாரில் இருக்கும் எங்கள் கிராமத்தின் பேரைச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

என் உம்மா அந்தக் கேம்பில் ஒரு முன்பள்ளி நடத்தினார். தகரக் கூரை, தகரச் சுவர். பங்குனி வெயிலில் பிள்ளைகள் உள்ளே வெந்துகொண்டிருந்தார்கள். அன்று சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு அந்தத் தகரக் கொட்டிலுக்குள் போய் நின்ற மேடம், வியர்வை ஒழுக வெளியே வந்து, "நான் இதைக் கட்டித் தருகிறேன்" என்றார். செலவை அவரும் அவருடைய சிநேகிதர்களும் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

"நோனா என்ன சொல்றா?" என்றார் உம்மா. வெள்ளைக்காரப் பெண்கள் எல்லோரும் அவருக்கு நோனாதான்.

"பள்ளிக்கூடம் கட்டித் தாறாவாம்."

"கல்லுலயா?" உம்மாவின் முகம் சுருங்கியது. "நாளைக்கு ஊருக்குப் போயிட்டா இத ஆரு பாக்கிறது?"

இதுதான் என் உம்மா. பப்பாசி நடுவார், முருங்கை நடுவார், மிளகாய் நடுவார். தென்னை மட்டும் நடமாட்டார். தென்னை காய்க்க வருடக்கணக்கில் ஆகும், அதற்குள் ஊருக்குப் போய்விடுவோமாம். நான் படித்து முடித்து, கலியாணம் முடித்து, எனக்கும் ஒரு பிள்ளை பிறந்துவிட்டது. எங்கள் வளவில் இன்னும் ஒரு தென்னங்கன்று கிடையாது. அதைச் சொல்லிக்காட்டினால், "வாயை மூடுங்க மகள்" என்பார்.

அன்று பின்னேரம் முழுக்க நான் உம்மாவோடு சண்டை பிடித்தேன். "ஊருக்குப் போற அன்டைக்குப் போவோம், அதுவரைக்கும் புள்ளைகள் வேகணுமா?" என்று கேட்டேன். கடைசியில், "சரி, கட்டட்டும்" என்றார். மனமில்லாமல் சொன்னது என்று குரலிலேயே தெரிந்தது.

மேடம் தன் கதையைக் கீறிக்கொண்டேதான் சொல்வார். கை நின்றால் கதையும் நின்றுவிடும். அவருடைய வாப்பா கப்பல் கட்டும் இடத்தில் இரும்பு ஒட்டியவர். இவர் படித்து, ஆண்கள் மட்டுமே இருந்த ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாளே தேத்தண்ணி போடச் சொன்னார்களாம். உப்பைப் போட்டுக் கொடுத்தாராம். பிறகு யாரும் கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் வாய்விட்டுச் சிரிப்பார்.

இளம் வயதிலேயே பெரிய வேலை வந்தது. ஏழை மக்களுக்கு வானத்தைத் தொடுகிற மாடி வீடுகள். படத்தில் அழகாக இருந்தனவாம். அதில் குடியிருக்கப் போகிறவர்களிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு குளிர்காலத்துக்குள் சுவரெல்லாம் ஈரம் பிடித்துக் கறுத்தது. பிள்ளைகளுக்கு இருமல். லிஃப்ட் வேலை செய்யாது. தாய்மார் கைக்குழந்தையையும் வண்டியையும் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். பல வருடம் சமாளித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பார்க்கச் சனம் கூடியது. மேடமும் போய் நின்றார். கட்டடம் மடங்கி விழுந்தபோது சனம் கைதட்டியது. பக்கத்தில் நின்ற ஒரு பெண், "நீங்களும் இதில குடியிருந்தீங்களா?" என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"இல்லை என்றேன். நான்தான் கட்டினேன் என்று சொல்லவில்லை."

அதற்குப் பிறகு கட்டியவையும் தங்கவில்லை. ஒரு நூலகம் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. ஒரு நீச்சல் குளத்தைப் பூட்டிப்போட்டு, பின்னர் இடித்துவிட்டார்கள். "ஒன்று நிற்க வேண்டும்" என்றார் மேடம், பென்சிலைச் சீவிக்கொண்டே. "நான் கட்டியதில் ஒன்றாவது நிற்க வேண்டும். இதுதான் அது."

அந்த வெடிச் சத்தத்துக்குப் பிறகு இரண்டு விஷயத்தில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. குடியிருக்கிறவர்களைக் கேட்காமல் ஒரு கோடும் கீறமாட்டார். படிக்கட்டு வைக்கமாட்டார்.

ஆகவே கேட்டார். பிள்ளைகளின் தாய்மார் எல்லோரையும் எங்கள் வீட்டில் உட்காரவைத்து, கதிரை போதாமல் பாய் விரித்து, பிளேன்டி ஊற்றிக் கொடுத்துக் கேட்டார். வெயில் எந்தப் பக்கம் விழும், பிள்ளைகள் எங்கே செருப்பைக் கழற்றும் என்று ஒவ்வொன்றாக. பிறகு மழையைப் பற்றிக் கேட்டார். உங்கள் கிராமத்தில் மழைத் தண்ணீர் எங்கே போகும் என்பது கேள்வி. நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

"உங்கட ஊர்ல மழை பெஞ்சா தண்ணி எங்க போகும் எண்டு கேக்கிறா."

அவ்வளவுதான், எல்லோருடைய முகமும் மலர்ந்துவிட்டது.

"எங்கட ஊர்லயா? தண்ணி நிக்கவே நிக்காது நோனா! எல்லாம் மணல்தானே, பெஞ்ச கையோட குடிச்சிரும்."

"காலுல ஒரு பொட்டுச் சேறு ஒட்டாது," என்றார் இன்னொரு ராத்தா.

"மழை விட்ட உடனே வெள்ளைச் சீலையோட நடந்து போகலாம்," என்றார் உம்மா. அவர் கண் கலங்கியிருந்தது.

நான் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். மேடம் தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தன் கையால் கீறிய படத்தைத் தந்து, சுத்தமாகக் கீறச் சொன்னார். நல்ல படம். அகலமான ஜன்னல்கள், கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி. ஆனால் தரை நிலத்தோடு நிலமாக இருந்தது.

"மேடம், தரையை உயர்த்தவில்லையே?"

"எதற்கு? பிள்ளைகள் ஓடி வந்து உள்ளே போகட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாரிக்கு எப்படி ஓடி வருவார்கள்? நீந்தித்தான் வர வேண்டும்."

"உங்கள் பெண்கள்தானே சொன்னார்கள், தண்ணீர் நிற்காதென்று!"

"அது ஊரில்."

"இது எது?"

"இது கேம்ப், மேடம்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முகம் காது வரைக்கும் சிவந்தது. நான் விளங்கப்படுத்தினேன். அவர்கள் சொன்னது பொய்யில்லை. மேடம் கிராமம் என்று கேட்டதை நான் ஊர் என்று சொன்னேன், அவர்கள் ஊரைச் சொன்னார்கள். மன்னார்க் கரையில் இருக்கிற ஊரின் மணலையும் மழையையும் கேட்டு, புத்தளத்துக் களிமண்ணில் பள்ளிக்கூடம் கீறியிருக்கிறார் மேடம்!

"கேட்டுவிட்டுமா இப்படி!" என்று மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பென்சிலெல்லாம் உருண்டது. "அப்போது கேட்காமல் கட்டினேன். இப்போது கேட்டும் அதையேதான் செய்யப் பார்த்தேன்." எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அவர் பாவப்பட இடம் கொடுக்கிற ஆளில்லை. படத்தை இரண்டாகக் கிழித்தார். "எல்லோரையும் திரும்பக் கூப்பிடு. இந்தமுறை நானே கேட்கிறேன். எப்படிக் கேட்பதென்று சொல்லித் தா."

பெண்கள் வந்து உட்கார்ந்ததும், எழுந்து நின்று, கல்லைக் கடிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கடித்துச் சொன்னார்: "கேம்ப்ல... மழை பெஞ்சா?"

யா அல்லாஹ், கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறை! முழங்காலுக்குத் தண்ணி, கக்கூஸ் நிரம்பி வளவுக்குள்ள வரும், பாம்பு வரும், பாயைச் சுருட்டிக்கொண்டு கட்டிலில் குந்தியிருப்போம், போன மாரிக்கு முன்பள்ளிக் கதிரையெல்லாம் மிதந்து ரோட்டுக்குப் போனது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தண்ணீர் எதுவரைக்கும் வரும் என்று உம்மா மதிலில் கையை வைத்துக் காட்டினார். மேடம் அந்த இடத்தில் ஆணியால் கீறி வைத்தார்.

அன்றிலிருந்து மேடத்தின் வாயில் ஒரு தமிழ்ச் சொல் நிலைத்துவிட்டது. யார் 'ஊர்' என்று ஆரம்பித்தாலும், "எந்த ஊர்?" என்று குறுக்கே பாய்வார். பாண் விற்க வருகிறவரைக்கூட விடவில்லை. அவரும் மரியாதையாகத் தன் ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டுப் போனார்.

தரை இடுப்பளவுக்கு உயர்ந்தது. உயர்ந்த தரைக்கு எப்படி ஏறுவது? கொத்து வேலைக்கு வந்த மேசன் பாஸ் படி வைப்போம் என்றார். மேடம் முடியாது என்றார். கட்டடத்தை ஒரு பக்கம் சுற்றி, மெல்ல மெல்ல ஏறுகிற நீளமான சரிவுப் பாதை வேண்டும் என்றார்.

"இதால என்ன, லொறியா ஏத்தப் போறீங்க?" என்றார் பாஸ்.

"நடக்க ஏலாத புள்ளை வந்தா என்ன செய்வீங்க, நீங்க தூக்குவீங்களா?" என்று நான் பாய்ந்தேன். அது மேடம் சொல்லித் தந்ததில்லை. என் சொந்தக் கோபம்.

கிரவல் மண் கொட்டி, அடித்து இறுக்கி, அந்தப் பாதையை மேடமே தினமும் நடந்து பார்த்தார். செங்குத்தாக இருந்தால் உடைக்கச் சொன்னார். பாஸ் என்னிடம் வந்து, "இவ ஊருக்குப் போக மாட்டாவா?" என்று புலம்பினார். தூரத்திலிருந்து "எந்த ஊர்?" என்று சத்தம் வந்தது. பாஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஓடு போட்டு முடிந்து, பிள்ளைகள் குடிவந்து, கொஞ்ச நாளில் மேடத்துக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை என்று ஸ்கொட்லாந்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மாரி இன்னும் தொடங்கவில்லை. விமான நிலையத்துக்குப் புறப்படும்போது என் கையைப் பிடித்து நசுக்கினார். "முதல் பெரிய மழைக்கு எனக்குக் காட்டு. விழுந்தாலும் காட்டு. ஒளிக்காதே."

மழை வந்தது. சாதாரண மழையா அது! விடிய விடியப் பெய்து, காலையில் எங்கள் வீட்டு விறாந்தைக்குத் தண்ணீர் ஏறியது. நானும் உம்மாவும் என் மகனைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்தோம். பள்ளிக்கூடம் நின்றால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று வழி முழுக்கத் துஆக் கேட்டேன்.

சரிவுப் பாதையின் அடிப்பகுதி தண்ணீருக்குள் இருந்தது. கொஞ்சம் ஏறியதும் நனைந்த கிரவல். இன்னும் ஏறினால் காய்ந்த தரை. உள்ளே ஏற்கெனவே பாதிக் கேம்ப் குந்தியிருந்தது. தாய்மார், பிள்ளைகள், சக்கர நாற்காலியோடு ஒரு மாமா, கூட்டோடு ஒரு கோழி. யாரோ தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் வீடியோவில் மேடத்தைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு இருந்தார். பேசவிடாமல், "தரை! தரையைக் காட்டு!" என்றார். காட்டினேன். குனிந்து கையால் தடவி, காய்ந்த உள்ளங்கையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

உம்மா என் கையிலிருந்து போனைப் பறித்தார். மழைச் சத்தத்துக்கு மேலால் கத்தினார். "நோனா! ஊர்ல நல்ல மழை! உங்கட பள்ளிக்கூடம் நிக்கிது!"

குழாயை ஒதுக்கிவிட்டு அந்த மனுஷி கேட்டார்: "எந்த ஊர்?"

"என்ன கேள்வி இது! இந்த ஊர்தான்!" என்றார் உம்மா. "வேற எந்த ஊர்?"

போனை என்னிடம் தந்துவிட்டு, சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைக்கப் போனார்.