கத்திரிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய்: வல்லம் வடகாலில் ஒரு மதியம்

என் மொட்டைமாடியில் பன்னிரண்டு தொட்டிகளில் கத்திரி வைத்திருக்கிறேன். போன வருடம் காய்த்ததில் பாதிக்கு மேல் புழு. விஷமருந்து அடிக்க மனம் வரவில்லை. வல்லம் வடகாலில் செல்வி என்பவர் எலுமிச்சைப்புல் எண்ணெய் தெளித்தே கத்திரி வளர்க்கிறார் என்று அலுவலகத் தோழி சொன்னாள். 2013 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

தாம்பரத்தில் மதியம் 12.15க்குப் பேருந்து. ஒரகடம் கூட்டுரோட்டுக்கு ஒரு மணி நேரம், பதினேழு ரூபாய். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஆட்டோ. நூறு கேட்டவர் எண்பதுக்கு ஒத்துக்கொண்டார்.

"இன்னா மேடம், கம்பெனி இன்டர்வியூவா?"

"இல்லைங்க, கத்திரித் தோட்டம் பார்க்கணும்."

"கத்திரிக்கா பாக்கவா? கூட்டுரோட்லயே குவிச்சி வெச்சிகினு விக்கிறானே!"

செல்விக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நிலம் அரை ஏக்கர். ஒரு பக்கம் தொழிற்சாலை மதில். மறுபக்கம் தென்மாவட்டத் தொழிலாளர்கள் தங்கும் வாடகை அறைகள். முன்பு மருந்தடித்தால் நெடி ஜன்னலுக்குள் போய்ச் சண்டை வருமாம். அதனால்தான் எண்ணெய்க்கு மாறியிருக்கிறார். செல்வி தெளிப்பான் டேங்கை எடுத்து வைத்து எண்ணெய் பாட்டிலைத் திறந்ததுமே, வாசம் பிடித்து ஒரு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"யக்கா, இன்னைக்கும் லெமன் டீயா?"

"டேங்கோட தரேன், குடிக்கிறியா?" என்றார் செல்வி, திரும்பாமலே.

இந்த எண்ணெய் பூச்சியைக் கொல்வதில்லை. அதன் வாசத்தில் அந்துப்பூச்சி முட்டையிட வராமல் விலகிப் போகிறது, அவ்வளவுதான். தண்டுக்குள் ஏற்கெனவே புகுந்த புழுவை அது ஒன்றும் செய்யாது. வாடிய நுனிகளைக் கிள்ளி எரிக்க வேண்டும். வாசமும் சில நாளில் போய்விடும் என்பதால் வாரம் இருமுறை தெளிக்கிறார்.

நிலத்தை லாரி நிறுத்த வாடகைக்குக் கேட்டிருந்த ஒருவர் மறுநாள் பதில் கேட்க வருவதாக இருந்தது. செல்வியின் கணவர் முருகேசன் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபிட்டர். போன போகத்தைப் போல இதுவும் கெட்டால் நிலத்தைக் கொடுத்துவிடுவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். நான் பார்த்தவரை செடிகள் நன்றாகவே இருந்தன.

3.40க்குக் கம்பெனி பஸ்ஸில் முருகேசன் வந்து இறங்கினார். எண்ணெய் தண்ணீரோடு சேராது. சோப்புக் கரைசல் வேண்டும். காதி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைக்கச் செல்வி வீட்டுக்குள் போனார். வெளியூரிலிருந்து வந்தவள் காத்திருக்கிறேனே என்று முருகேசனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். கையில் படியும் கிரீஸைக் கழுவக் கம்பெனியில் தரும் பசை.

"எவ்ளோ கிரீஸ் இருந்தாலும் ஒரே தேய்ப்பு மேடம். எண்ணெய் எம்மாத்திரம்?"

உண்மைதான், டேங்கில் கொஞ்சம் போட்டு ஆட்டியதும் உடனே கலந்தது. தண்ணீர் பாலாக வெளுத்ததை நான் படமும் எடுத்தேன். அவர் இரண்டு வரிசை தெளித்து முடிப்பதற்குள் செல்வி சோப்புத் தண்ணீரோடு வந்து மூக்கைச் சுளித்தார்.

"கெரசின் வாசன வருது. இன்னாய்யா கலந்த?"

டப்பாவைக் காட்டினார்.

"யோவ், செடி இன்னா உன் மிஷினா? அதுவும் இந்த வெயில்ல!"

அடுத்த முக்கால் மணி நேரம் மூவரும் குடத்தில் நீர் கொண்டுவந்து அந்த இரண்டு வரிசைகளையும் கழுவினோம். நான் கிளம்பிய 5.20க்கே சில இலைகளின் ஓரம் சுருண்டிருந்தது.

திரும்பும் பேருந்தில் ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்தேன். டப்பாவைப் பார்த்தபோதே எனக்கு லேசான சந்தேகம் இருந்தது. படம் எடுக்கும் ஆர்வத்தில் வாய் திறக்கவில்லை.

நீங்கள் முயல்வதானால்: பத்து லிட்டர் தண்ணீருக்கு முப்பது மில்லி எண்ணெய், காதி சோப்புக் கரைசல். முதலில் ஒரே ஒரு செடியில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். மாலை நாலரைக்கு மேல் மட்டும். பாத்திரம், வண்டி, கை என்று எதைக் கழுவும் பொருளையும் கலக்க வேண்டாம். போவதானால் சனிக்கிழமை போங்கள். ஆனால் ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒரகடத்தில் பேருந்து ஏறினால் நின்றுகொண்டுதான் வர வேண்டியிருக்கும்.

அடுத்த வாரம் செல்விக்குப் போன் செய்தேன். இரண்டு வரிசையும் கருகிவிட்டதாம். லாரிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இந்த முறையும் போச்சா என்று கேட்டிருக்கிறார்.

"எங்க வூட்டுக்காரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'அது பூச்சி தின்னது இல்ல, நான் கெடுத்தது. அத வுட்டுட்டு மிச்சத்த பாரு'ன்னாரு."

மிச்சம் நன்றாக இருந்திருக்கிறது. நிலத்தைக் கொடுக்கவில்லை. வெள்ளைத் தண்ணீர் படம் இன்னும் என் கேமராவில் இருக்கிறது, இங்கே போடவில்லை.